கட்சிக்காரர் யாருடையவர்? வக்கீல் நிறுவனத்தில் லாபம் பிரிக்கும் வழிகள்

மூன்று வழக்கறிஞர்கள் சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்குகிறார்கள். அலுவலகம் எங்கே, பலகையில் யார் பெயர் முதலில், எத்தனை ஜூனியர்கள் என்று எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் பேசி முடித்துவிடுகிறார்கள். லாபத்தை எப்படிப் பிரிப்பது என்ற பேச்சு வரும்போது மட்டும் "நமக்குள்ளே என்ன, பார்த்துக்கலாம்" என்று ஒருவர் சொல்ல, மற்ற இருவரும் தலையாட்டுகிறார்கள். வழக்கறிஞர் அலுவலகங்களின் வரவு செலவைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். பின்னாளில் அவர்களைப் பிரித்துவைப்பது பெரும்பாலும் அந்தப் "பார்த்துக்கலாம்"தான். அதுவும் பணம் வராத வருடத்தில் அல்ல, நன்றாக வந்த வருடத்தில்.

இந்த ஒரு முடிவுக்கு ஏன் இவ்வளவு கனம்? ஒரு தொழிற்சாலையில் முதலாளிகள் சண்டை போட்டாலும் இயந்திரம் அங்கேயே நிற்கும். வழக்கறிஞர் நிறுவனத்தில் சொத்து என்று சொல்லத்தக்கது பங்குதாரர்களின் அனுபவமும், அவர்கள்மேல் கட்சிக்காரர்கள் வைத்திருக்கும் நம்பிக்கையும்தான். அதைப் பூட்டி வைக்க வழியில்லை. அமெரிக்க வழக்கறிஞர் சங்கமான அமெரிக்கன் பார் அசோசியேஷனின் மாதிரி நடத்தை விதிகளில் 5.6ஆம் விதி, வெளியேறும் வழக்கறிஞர் இனித் தொழில் செய்யக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டுக் கட்டிப்போடுவதைத் தடுக்கிறது. தனக்கு வேண்டிய வக்கீலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கட்சிக்காரருக்கு என்பதுதான் காரணம். எல்லா நாட்டிலும் இதே அளவு சுதந்திரம் இல்லை. ஆனாலும் நம்பிக்கை என்பது நிறுவனத்தின் பெயரைவிட மனிதரின் பின்னால்தான் அதிகம் போகிறது. அதனால் பங்குதாரர்களைச் சேர்த்துக் கட்டும் கயிறு என்று பார்த்தால் லாபப் பங்கீடுதான் மிஞ்சுகிறது.

சட்டப் பேராசிரியர்கள் ரொனால்ட் கில்சனும் ராபர்ட் ம்னூகினும் 1985இல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். பங்குதாரர்கள் செய்யக்கூடிய மூன்று காரியங்களை அவர்கள் பிரித்துக் காட்டினார்கள்: மற்றவர் உழைப்பில் சுணங்கிக் கிடப்பது, போய்விடுவேன் என்று சொல்லிக் கூடுதல் பங்கு பறிப்பது, கட்சிக்காரர்களோடு நிஜமாகவே போய்விடுவது. எந்தப் பங்கீட்டு முறையை எடுத்தாலும் இந்த மூன்றில் ஒன்றைக் குறைக்கும், இன்னொன்றை வளர்க்கும். எந்த நோயை நம்மால் தாங்க முடியும் என்று தெரிந்துகொள்ளாமல் முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது.

ஒவ்வொரு முறையையும் சோதிக்க நான் ஒரே கேள்வியை வைத்திருக்கிறேன். ஒரு கேஸ் கட்டு உங்கள் மேஜைக்கு வருகிறது. அதை உங்களைவிடப் பக்கத்து அறையில் இருப்பவர் நன்றாகச் செய்வார். எடுத்துக்கொண்டு போய் அவரிடம் கொடுப்பீர்களா?

ஒரே வருடம், ஒரே லாபம்

வாய்ப்பேச்சாகப் பேசினால் எல்லா முறையும் நியாயமாகத்தான் தோன்றும். அதனால் ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். அந்த வருடம் வசூலான ஃபீஸ் 100. வாடகை, ஜூனியர் சம்பளம், மற்றச் செலவெல்லாம் 40. பிரிக்க வேண்டியது 60. மூத்தவர் பங்குதாரராகி 12 வருடம் ஆகிறது. இரண்டாமவர் 7 வருடம், இளையவர் 2 வருடம்.

வந்த 100இல் 60, மூத்தவரைத் தேடி வந்த கட்சிக்காரர்கள் கொடுத்தது. 25 இரண்டாமவரால் வந்தது, 15 இளையவரால். ஆனால் உட்கார்ந்து வேலை பார்த்த கணக்கு வேறு மாதிரி. மூத்தவர் முடித்தது 20, இரண்டாமவர் 45, இளையவர் 35. ஜூனியர்கள் செய்த வேலை, யார் மேற்பார்வையில் நடந்ததோ அவர் கணக்கில் சேர்ந்திருக்கிறது. இது ஒன்றும் விசித்திரமான அலுவலகம் அல்ல. கொண்டுவருபவர் ஒருவர், செய்பவர் இன்னொருவர் என்பதுதான் இந்தத் தொழிலின் சாதாரண நிலை.

சமபங்கு

ஆளுக்கு 20. ஒரு வரியில் கணக்கு முடிந்துவிடும்.

இதைச் சின்னப்பிள்ளைத்தனம் என்று பலர் ஒதுக்குகிறார்கள். நான் ஒதுக்கமாட்டேன். இரண்டு மூன்று பேர், ஏறக்குறைய ஒரே வயது, ஒரே மாதிரி உழைப்பு என்றால் இதைவிட நல்ல முறை இல்லை. கேஸ் கட்டு தயங்காமல் மேஜை மாறும். யாருடைய கட்சிக்காரர் என்ற கேள்வியே எழாது. பங்கு கணக்குப் போட ஒரு மணி நேரம்கூட வீணாகாது.

உடைவது எங்கே என்றால், வாழ்க்கை மாறும் இடத்தில். ஒருவருக்கு வயதாகிறது, நாளுக்கு நாலு மணி நேரம் போதும் என்கிறார். இன்னொருவர் இப்போதுதான் வேகம் பிடிக்கிறார். சமபங்கில் அதைப் பேச இடமில்லை. பேசினால் குற்றம் சாட்டுவது போல ஆகிவிடுகிறது. அதனால் சமபங்கு எடுப்பவர்கள் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்துவிட வேண்டும்: இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இதை மறுபடி பேசுவோம் என்று. தேதி முன்பே குறித்திருந்தால், பேச்சை யார் தொடங்குவது என்ற சங்கடம் இல்லை.

படி ஏறும் முறை

ஆங்கிலத்தில் லாக்ஸ்டெப் என்கிறார்கள். பங்குதாரராகும் நாளில் இத்தனை புள்ளி, ஒவ்வொரு வருடத்துக்கும் இன்னும் இத்தனை, ஓர் உச்சி வரை. நம் கணக்கில் தொடக்கம் 10 புள்ளி, வருடத்துக்கு ஒன்று, உச்சி 20 என்று வைத்தால் மூத்தவருக்கு 20, இரண்டாமவருக்கு 17, இளையவருக்கு 12. லாபம் 60ஐ இந்த 49 புள்ளிகளுக்குப் பிரித்தால் முறையே 24.5, 20.8, 14.7 கிடைக்கும்.

நியூயார்க்கின் க்ராவத், வாக்டெல், லண்டனின் ஸ்லாட்டர் அண்ட் மே போன்ற நிறுவனங்கள் இந்த முறைக்குப் பேர்பெற்றவை. இவை எல்லாமே மிகப் பணக்கார நிறுவனங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். உழைத்தாலும் உழைக்காவிட்டாலும் அதே பங்கு என்றால் எல்லோரும் தூங்கிவிட மாட்டார்களா என்று கேட்கலாம். தூங்கவில்லை. காரணம், வாசலிலேயே கடுமையாகச் சலித்து எடுத்தார்கள். பங்குதாரராகும் முன் பல வருடம் ஜூனியராக வைத்துப் பார்த்து, தேறாதவர்களை வெளியே அனுப்பினார்கள். உள்ளே வந்தவருக்குச் சக பங்குதாரர்களின் மதிப்பே தூண்டுகோலாக இருந்தது.

இந்த முறையின் பெரிய பலத்தை அதிகம் பேர் சொல்வதில்லை. இது ஒரு காப்பீடு. கம்பெனிகள் ஒன்றையொன்று வாங்கும் காலத்தில் அந்த ஒப்பந்தங்களை எழுதும் வக்கீல்களுக்கு அறுவடை, வழக்காடுபவர்கள் சும்மா இருப்பார்கள். பொருளாதாரம் சரியும்போது ஒப்பந்த வேலை நிற்கும், திவால் வழக்கும் கடன் வழக்கும் குவியும். ஒரு துறையில் மட்டும் தேர்ந்த வக்கீல், தன் வாழ்நாள் வருமானம் முழுவதையும் அந்த ஒன்றின்மேல் பந்தயம் கட்டியிருக்கிறார். வேறு வேறு துறைக்காரர்கள் சேர்ந்து பொதுவில் பிரித்துக்கொண்டால் அந்த ஆபத்து கரைகிறது. பிள்ளை பெற்று ஆறு மாதம் வீட்டில் இருந்தவருக்கும், நோயில் படுத்தவருக்கும் படி இறங்குவதில்லை. இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. பெண் வழக்கறிஞர்கள் பங்குதாரராகி நிலைப்பதில் பங்கீட்டு முறைக்குப் பெரிய கை இருக்கிறது.

பிறகு ஏன் இது தளர்ந்தது? பக்கத்து வீட்டுக் கணக்கு தெரிந்துவிட்டது. ஸ்டீவன் பிரில் 1979இல் தொடங்கிய 'தி அமெரிக்கன் லாயர்' பத்திரிகை, 1985இல் பெரிய நிறுவனங்களைப் பட்டியலிட்டு, ஒரு பங்குதாரருக்கு இவ்வளவு லாபம் என்று அச்சிட்டது. அதுவரை ஊகமாக இருந்தது எண்ணாகிவிட்டது. நட்சத்திர வக்கீல் ஒருவர், ஏணியின் உச்சியில் தனக்குக் கிடைப்பதையும், பக்கத்து நிறுவனம் தனக்குத் தரத் தயாராக இருப்பதையும் ஒப்பிட முடிந்தது. லண்டன் நிறுவனங்கள் பல ஏணியின் உச்சியை உயர்த்தின, மேலே கூடுதல் படி சேர்த்தன. கடைசியில் க்ராவத்தே 2021 டிசம்பரில் தன் முறையைத் தளர்த்துவதாக அறிவித்தது. 2023இல் லாபப் பங்கு இல்லாத, சம்பளத்துக்கு இருக்கும் பங்குதாரர் என்ற அடுக்கையும் சேர்த்தது.

இதைப் பார்த்துப் படி முறை செத்துவிட்டது என்று முடிவு கட்டத் தேவையில்லை. கட்சிக்காரர் நிறுவனத்தைத் தேடி வருகிற இடத்தில் அது நிற்கிறது. தனி ஆளைத் தேடி வருகிற இடத்தில் நிற்பதில்லை. ஒரு பெரிய வங்கி முப்பது வருடமாக ஒரே நிறுவனத்துக்கு வேலை கொடுக்கிறது, அந்த வேலையைப் பத்துப் பேர் சேர்ந்து செய்கிறார்கள் என்றால் அந்த வங்கியைக் கொண்டுவந்தவர் யார் என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கே படி முறைதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அவரவர் வேட்டை

அமெரிக்க வக்கீல்கள் இதை 'ஈட் வாட் யூ கில்' என்பார்கள். வேட்டையாடியவருக்கே இறைச்சி. உன் ஃபீஸ் உனக்கு, பொதுச் செலவில் உன் பங்கைக் கட்டிவிடு.

கேட்க நேர்மையாக இருக்கிறது. நம் கணக்கில் போட்டுப் பார்ப்போம். பொதுச் செலவு 40ஐ மூவரும் சமமாகத் தாங்கினால் ஆளுக்கு 13.3. "உன் ஃபீஸ்" என்றால் நீ கொண்டுவந்த கட்சிக்காரர் கொடுத்தது என்று எடுத்தால், மூத்தவருக்கு 46.7, இரண்டாமவருக்கு 11.7, இளையவருக்கு 1.7. "உன் ஃபீஸ்" என்றால் நீ செய்த வேலைக்கு வந்தது என்று எடுத்தால், மூத்தவருக்கு 6.7, இரண்டாமவருக்கு 31.7, இளையவருக்கு 21.7.

ஒரே வருடம், ஒரே மனிதர்கள். ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்பதில் மூத்தவரின் வருமானம் 40 கூடிக் குறைகிறது. உழைத்தவருக்கு உழைத்தது என்று மேடையில் சொல்வது சுலபம். எது உழைப்பு என்று எழுதி வைக்காத இடத்தில் அந்த வாக்கியத்துக்கு மதிப்பே இல்லை.

என் கேஸ் கட்டுக் கேள்விக்கு இந்த முறையில் விடை தெளிவு: கொடுக்கமாட்டார்கள். செய்த வேலைக்குப் பணம் என்றால், மூத்தவர் தனக்குப் பழக்கமில்லாத வரி விவகாரத்தையும் தானே வைத்துக்கொள்வார். கொண்டுவந்ததற்குப் பணம் என்றால், கட்சிக்காரரை மற்றவர்களுக்கு அறிமுகமே செய்யமாட்டார். இரண்டிலும் நஷ்டம் கட்சிக்காரருக்கு. ஜூனியருக்குச் சொல்லிக் கொடுக்கும் நேரத்துக்கும், ஃபீஸ் கொடுக்க முடியாதவருக்காக நடத்தும் வழக்குக்கும், அலுவலக நிர்வாகத்துக்கும் இங்கே பூஜ்யம்தான்.

ஆனாலும் இதற்கு ஓர் இடம் உண்டு. குற்றவியல், குடும்ப வழக்கு, வரி என்று ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத மூவர் வாடகையும் நூலகமும் பகிர்ந்துகொள்ளச் சேர்ந்திருக்கிறார்கள் என்றால், அது ஒரே கூரை, தனித்தனி அடுப்பு. அதை அப்படியே ஒப்புக்கொண்டு இந்த முறையை வைத்துக்கொள்வது நல்லது. கூட்டுக் குடும்பம் போல வேஷம் போட்டால்தான் சிக்கல். இன்னொன்றும் சொல்ல வேண்டும். செலவைச் சமமாகப் பிரிப்பது இங்கே இளையவரைக் கொன்றுவிடும். நான்கு ஜூனியர்களை வைத்திருப்பவரும், ஒரு மேஜை மட்டும் வைத்திருப்பவரும் ஒரே செலவுப் பங்கு கட்டுவது நியாயம் அல்ல. யார் எவ்வளவு பயன்படுத்துகிறாரோ அதற்கேற்பப் பிரித்தாக வேண்டும்.

சூத்திரம்

பாஸ்டனின் ஹேல் அண்ட் டோர் நிறுவனத்தை 1919 முதல் 1956 வரை நிர்வகித்தவர் ரெஜினால்ட் ஹீபர் ஸ்மித். ஏழைகளுக்கான சட்ட உதவிச் சங்கத்தில் இருந்தபோதே, எந்த வழக்குக்கு எத்தனை நேரம் போகிறது என்று குறித்து வைக்கும் பழக்கத்தைத் தொடங்கியவர். வக்கீல்கள் இன்று அலுத்துக்கொண்டு நிரப்பும் நேரப் பட்டியலின் வேர் அங்கே இருக்கிறது. அவர் காலத்து ஹேல் அண்ட் டோர் சூத்திரம் புகழ்பெற்றது: ஒவ்வொரு ஃபீஸிலும் கொண்டுவந்தவருக்கு ஒரு பகுதி, செய்தவருக்கு ஒரு பகுதி, பொதுவுக்கு ஒரு பகுதி. தொழிலில் பங்குதாரர்களை ஃபைண்டர், மைண்டர், கிரைண்டர் என்று பிரித்துச் சொல்வார்கள். கண்டுபிடித்துக் கொண்டுவருபவர், பேணி வைத்திருப்பவர், உட்கார்ந்து அரைப்பவர்.

நம் கணக்கில் கொண்டுவந்ததற்கு 30 சதவீதம், செய்ததற்கு 50, பொதுப் பணிக்கு 20 என்று வைக்கலாம். இந்த விகிதம் நான் உதாரணத்துக்குப் போட்டது. லாபம் 60இல் 18 கொண்டுவந்ததற்கு: 10.8, 4.5, 2.7. செய்ததற்கு 30: 6, 13.5, 10.5. மீதி 12இல், ஜூனியர்களைப் பழக்கியதும் அலுவலகத்தைப் பார்த்ததும் இளையவர் என்பதால் அவருக்கு 6, மற்ற இருவருக்கும் மும்மூன்று. கூட்டினால் மூத்தவருக்கு 19.8, இரண்டாமவருக்கு 21, இளையவருக்கு 19.2.

சமபங்கில் ஆளுக்கு 20 வந்தது நினைவிருக்கும். இவ்வளவு கணக்குப் போட்டும் கிட்டத்தட்ட அதே இடத்துக்கு வந்துவிட்டோம். என் உதாரணத்தில் அப்படி அமைந்தது என்றாலும், சிறிய அலுவலகங்களில் இதை நான் நிஜமாகவே பார்த்திருக்கிறேன். ஒருவர் கொண்டுவருகிறார், ஒருவர் செய்கிறார், ஒருவர் வீட்டைக் கட்டிக் காக்கிறார் என்றால் மூன்றும் ஈடு செய்துவிடுகின்றன. அப்படியானால் சூத்திரம் எதற்கு? எது எண்ணப்படுகிறதோ அதைத்தான் மனிதர்கள் செய்வார்கள் என்பதற்காக. ஜூனியரைப் பழக்குவதற்கும் கணக்கில் ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்தால் அது நடக்கும்.

சூத்திரத்தின் வியாதி, கொண்டுவந்தவர் யார் என்ற சண்டை. ஓர் அலுவலகத்தில் நடந்தது இது. ஒரு கம்பெனியை முதலில் சந்தித்துப் பேசி வைத்தவர் ஒருவர். அதன் முதல் வழக்கை ஜெயித்துக் கொடுத்தவர் இன்னொருவர். பங்கு யாருக்கு என்ற தகராறு மூன்று மாதம் ஓடியது. அந்த மூன்று மாதமும் கம்பெனிக்குப் பில் போகவில்லை, ஏனென்றால் பில்லில் யார் பெயரில் வரவு வைப்பது என்று தெரியவில்லை. பிறகு மொத்தமாக ஒரே பெரிய பில் போனபோது கம்பெனி பேரம் பேசியது. கொண்டுவந்தவருக்குரிய பங்கைவிடக் கூடுதலான பணம் அந்தப் பேரத்திலேயே போய்விட்டது. எனக்கு இன்றும் ஆறவில்லை.

அதற்கு மருந்து, கொண்டுவந்ததற்கான வரவுக்கு ஆயுள் குறிப்பது. மூன்று அல்லது ஐந்து வருடம், அதற்குமேல் அந்தக் கட்சிக்காரர் பொது. வருடா வருடம் குறைந்துகொண்டே போவது இன்னும் நல்லது. இல்லாவிட்டால் பத்து வருடத்துக்கு முன் கைகுலுக்கியவர் இன்றும் வாடகை வசூலித்துக்கொண்டிருப்பார், ராத்திரி கண்விழித்து மனு எழுதுபவர் வெளியேறும் கதவைப் பார்ப்பார். இருவர் சேர்ந்து கொண்டுவந்தால் வரவை இரண்டாக உடைக்கலாம் என்றும் முன்பே எழுதிக்கொள்ளலாம். ஓய்வு பெறப்போகும் மூத்தவர் தன் கட்சிக்காரர்களை இளையவர் கையில் ஒப்படைப்பதற்கே ஒரு வரவு வைக்கும் அலுவலகங்கள் உண்டு. அது நல்ல ஏற்பாடு. ஒப்படைத்தால் தன் பங்கு குறையும் என்றால் எந்த மூத்தவரும் ஒப்படைக்கமாட்டார். அவரோடு கட்சிக்காரர்களும் ஓய்வு பெற்றுவிடுவார்கள்.

குழு முடிவு செய்வது

பத்துப் பேருக்கு மேல் போனால் பெரும்பாலும் இங்கேதான் வந்து நிற்கிறார்கள். சிலர் உட்கார்ந்து, எல்லோருடைய வருடத்தையும் பார்த்து, பங்கை நிர்ணயிக்கிறார்கள். எண்ணில் அடங்காததையும் எடைபோட முடியும் என்பது இதன் நன்மை. சில இடங்களில் எல்லோருடைய பங்கும் எல்லோருக்கும் தெரியும், சில இடங்களில் ரகசியம். ஜோன்ஸ் டே நிறுவனத்தில் தலைமைப் பங்குதாரர் நிர்ணயிக்க, ஒருவர் பங்கு மற்றவருக்குத் தெரியாமல் இருப்பது தொழிலில் பிரசித்தம். தலைமைமேல் முழு நம்பிக்கை இருந்தால் ரகசியம் அமைதியைத் தரும். நம்பிக்கை ஆட்டம் கண்டால் அதே ரகசியம் வதந்தியாக மாறும். நான் திறந்த முறையின் பக்கம்.

குழுவின் கையில் அதிகாரம் இருந்தால் எங்கே தடுக்கி விழலாம் என்பதற்கு டூயி அண்ட் லெபஃப் என்ற நியூயார்க் வக்கீல் நிறுவனம் பெரிய சாட்சி. 2007இல் இரண்டு நிறுவனங்கள் இணைந்து உருவானது. பெயர்பெற்ற வக்கீல்களை இழுக்கவும் இருப்பவர்களைத் தக்கவைக்கவும், லாபம் எவ்வளவு வந்தாலும் உனக்கு இத்தனை நிச்சயம் என்று சுமார் நூறு பங்குதாரர்களுக்கு உறுதி கொடுத்திருந்தது. 2008க்குப் பிறகு வருமானம் எதிர்பார்த்தபடி வரவில்லை. உறுதி பெற்றவர்களுக்குக் கொடுக்க, மற்றவர்களின் பங்கு காத்திருந்தது, கடன் ஏறியது. பங்குதாரர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேற, 2012 மே மாதம் திவால் மனு போட்டது. லாபத்தில் பங்கு என்பது, வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை என்பதுதான். வராவிட்டாலும் உண்டு என்று சிலருக்கு மட்டும் சொன்ன கணமே அவர்கள் பங்குதாரர்கள் அல்ல, கடன் கொடுத்தவர்கள். மற்றவர்கள் அந்தக் கடனைச் சுமப்பவர்கள்.

சரி, எதை எடுப்பது?

கட்சிக்காரர் யாரைத் தேடி வருகிறார் என்பதை முதலில் நேர்மையாக எழுதிப் பாருங்கள். கடந்த வருடம் வந்த ஃபீஸில் முதல் பத்துக் கட்சிக்காரர்களை எடுத்து, ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு பெயர் எழுதுங்கள்: நாளைக்கு நிறுவனம் உடைந்தால் இவர் யார் பின்னால் போவார்? ஒவ்வொரு பங்குதாரரும் தனித்தனியாக எழுதிவிட்டு, அப்புறம் ஒப்பிட்டுப் பாருங்கள். பத்தில் ஏழெட்டு இடத்தில் "தெரியாது" என்று வந்தால் அது நிறுவனத்தின் கட்சிக்காரர். படி முறை எடுங்கள், அல்லது சின்ன அலுவலகமாக இருந்தால் சமபங்கு. எல்லா இடத்திலும் ஒரே பெயர் வந்தால் உங்களிடம் இருப்பது கூட்டு நிறுவனம் அல்ல, ஒருவருடைய அலுவலகம். மற்றவர்களுக்கு நல்ல சம்பளமும் லாபத்தில் சிறு பகுதியும் கொடுப்பதே நேர்மை. பெயர்கள் சிதறி வந்தால், பெரும்பாலான இடங்களில் அப்படித்தான் வரும், கலப்பு முறைதான் வழி.

கலப்பு என்றால் எப்படி? லாபத்தை இரண்டு பானையாக்குவதை நான் பரிந்துரைக்கிறேன். பெரிய பானை, மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம், சமமாகவோ படிப்படியாகவோ பிரியட்டும். அது காப்பீடு, அது கேஸ் கட்டை மேஜை மாற வைக்கும். சின்ன பானை அந்த வருட உழைப்புக்கு. அதில் பாதியை எண்ணிப் பிரியுங்கள், பாதியைப் பேசிப் பிரியுங்கள். சின்ன பானை ரொம்பச் சின்னதானால் வேகமாக ஓடுபவர் போய்விடுவார். பெரிதானால் மறுபடி வேட்டைதான். ஐந்தில் ஒன்றுக்கும் பாதிக்கும் நடுவில் எங்கே நிறுத்துவது என்பதை உங்கள் பத்துப் பெயர்ப் பட்டியல் சொல்லும்.

எந்த முறையை எடுத்தாலும் பில் போட்டதை எண்ணாதீர்கள், வசூலானதை எண்ணுங்கள். பில்லுக்கு வரவு வைத்தால் எல்லோரும் பில் போடுவார்கள், யாரும் வசூலிக்கமாட்டார்கள். தாராளமாகத் தள்ளுபடி கொடுப்பவரும், ஒழுங்காகப் பணம் வாங்குபவரும் ஒரே வரவு பெறுவார்கள். இதை மட்டும் மாற்றி ஒரே வருடத்தில் நிலுவை பாதியாகக் குறைந்த அலுவலகத்தைப் பார்த்திருக்கிறேன். நிர்வாகம் பார்க்கும் பங்குதாரருக்கு அந்த நேரத்துக்கு லாபம் பிரிக்கும் முன்பே ஒரு தொகை ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடம் நிர்வாகம் பார்க்க ஆள் கிடைக்காது. மாதா மாதம் எடுத்துக்கொள்ளும் முன்பணம், எதிர்பார்க்கும் லாபத்தில் பாதியைத் தாண்ட வேண்டாம்.

பழைய முறையிலிருந்து மாறுபவர்கள் ஒரு வருடம் பழைய முறையிலேயே பணத்தைப் பிரித்துக்கொண்டு, பக்கத்தில் புதிய முறையின் கணக்கையும் போட்டு வைக்கலாம். வருடக் கடைசியில் இரண்டையும் மேஜையில் வைத்தால், யாருக்கு எங்கே வலிக்கிறது என்று பணம் கைமாறும் முன்பே தெரிந்துவிடும். பங்கு அதிகம் குறைபவருக்கு மூன்று வருடத்தில் படிப்படியாக இறங்க வழி விடுங்கள்.

கடைசியாக, பிரியும் நாளைப் பற்றியும் இன்றே எழுதுங்கள். கலிஃபோர்னியாவில் 1984இல் வந்த ஜூவல் எதிர் பாக்ஸர் தீர்ப்பு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் கலைந்த நிறுவனத்தின் முடியாத வழக்குகளில் பின்னர் வரும் லாபமும் பழைய பங்குதாரர்களுக்குப் பழைய விகிதத்தில் போக வேண்டும் என்றது. திவாலான நிறுவனங்களுக்குக் கடன் கொடுத்தவர்கள் இதைப் பிடித்துக்கொண்டு, வெளியேறிய வக்கீல்கள் புதிதாகச் சேர்ந்த இடங்களைத் துரத்தினார்கள். 2014இல் நியூயார்க்கின் உயர் மேல்முறையீட்டு நீதிமன்றமும், 2018இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றமும், மணிக்கு இவ்வளவு என்று ஃபீஸ் வாங்கும் வழக்குகளில் கலைந்த நிறுவனத்துக்கு அந்த உரிமை இல்லை என்று சொல்லிவிட்டன. இனிமேல் செய்யப்போகும் வேலை, அதைச் செய்பவருடையது. யாரிடம் செய்யச் சொல்வது என்பது கட்சிக்காரர் இஷ்டம். ஆனால் செய்து முடித்துப் பில் போடாத வேலை, பில் போட்டு வராத பணம், வழக்கு ஜெயித்தால் மட்டும் ஃபீஸ் என்று எடுத்த வழக்குகள், போட்ட முதல், வாடகை ஒப்பந்தத்தில் போட்ட கையெழுத்து ஆகிய ஐந்துக்கும் யார் பொறுப்பு, எத்தனை மாதத்தில் கணக்கு முடிப்பது என்று ஒப்பந்தத்தில் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். மூவரும் ஒருவரையொருவர் விரும்பிக்கொண்டிருக்கும் முதல் வாரத்தில் இந்த ஐந்து வரிகளை எழுத ஒரு மணி நேரம் போதும்.